ஐந்து டிரம்மும் நின்ற நாள்

ஆம்பூர்,
7 ஜூலை 2024

மகள் அம்பிகாவுக்கு, பெரியப்பன் கன்னியப்பன் வாயால் சொல்ல, மருமகள் சௌந்தர்யா கையால் எழுதுவது. இங்கே யாரும் படுக்கையில் விழவில்லை. உன் முட்டிவலி, மாப்பிள்ளையின் சர்க்கரை இரண்டும் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் அப்பன் முனிரத்தினம் தோல் டேனரியில் ஐந்து டிரம்மையும் நிறுத்திய நாள் எந்த வருஷம் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தேதி எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. கூடவே வேறு என்ன நடந்தது என்று சொல்கிறேன், வருஷத்தை நீ பிடித்துக்கொள். கல்கத்தாவில் ஜனங்கள் பாட்டில் எறிந்து கிரிக்கெட் பாதியில் நின்றதே, நயீம் அகமது ரேடியோக் கடை வாசலில் நின்று டிவியில் பார்த்தோமே, அந்த வருஷம். அதே வருஷம் சித்திரையில் ஓட்டுப் போட்டு ஆட்சி மாறியது. நம் மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயர் இருந்த கடைசிக் காலம். கழிவுத் தண்ணீர் கேஸ் டெல்லியில் நடந்துகொண்டிருந்தது. எப்போது பூட்டு விழுமோ என்று கம்பெனிக்காரர்கள் ஓய்வில்லாமல் தோலை ஓட்டினார்கள். ஆடி பிறந்திருந்தது, இன்னும் கூழ் ஊற்றவில்லை. நீ ஐந்தாம் வகுப்பு, முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான். கழிவுத் தொட்டியின் வாய் அடைத்துக்கொண்டது. அடைப்பு எடுக்க டேனியல் என்ற ஆளை உள்ளே இறக்கினார்கள். மேலே ஐந்து டிரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றில் கழுவல், இரண்டில் சாயம். கழுவல் டிரம் சுற்றச் சுற்றத் தண்ணீர் தொட்டிக்குத்தான் போகும். நான் இரண்டாம் டிரம்மில், உன் அப்பன் தராசு ரூமில், மற்றவர்கள் அவரவர் டிரம்மில் இருந்தோம். டேனியல் தொட்டிக்குள் மயங்கிச் சரிந்தான். ஐந்து டிரம்மும் நின்றது. தூக்கினோம், பிழைத்தான். சாயத்தில் இருந்த தோல் எல்லாம் திட்டுத் திட்டாகக் கெட்டது. நிறுத்தச் சொன்னது யார் என்று விசாரணை வைத்தார்கள். முனிரத்தினத்துக்கு வேலை போனது.

இதில் கதை எழுத என்ன இருக்கிறது? வேறு ஏதாவது எழுதேன்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.
கன்னியப்பன்


திருச்சி,
21 ஜூலை 2024

அன்பான பெரியப்பாவுக்கும் அண்ணிக்கும் அம்பிகா. முட்டிக்குப் பட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போய் வருகிறேன். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. பெரியப்பா காதை டாக்டரிடம் காட்டினீர்களா?

வேறு எதையும் எழுத எனக்கு மனசில்லை. சின்ன வயதிலிருந்து நான் கேட்டது இந்த ஒரு கதைதான். அப்பா டிரம்மை நிறுத்தினார், ஓர் உயிரைக் காப்பாற்றினார், வேலையைப் பறிகொடுத்தார். அப்புறம் எந்த டேனரியும் அவரைச் சேர்க்கவில்லை. அம்மா ஊதுபத்தி உருட்டி எங்களை வளர்த்தாள். போன வருஷம் சாகும்வரைக்கும் அவள் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கணக்குப் பார்க்கிற நான், ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்ப்யூட்டரில் சிறுகதை வகுப்புக்குப் போவதே இதை எழுதத்தான். வகுப்பில் எழுதும் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறார்கள். பொங்கல் கழிந்ததும் அச்சு. அப்பா பெயர் அச்சில் வரும், பெரியப்பா.

ஆசிரியர் கறாரானவர். முதல் மூன்று வாரமும் இலக்கணம், நிறுத்தக்குறி தவிர வேறு பேச்சே இல்லை. குறி என்பது படிக்கிறவரின் மூச்சு, அதைத் தப்பாக வைத்தால் அவருக்கு மூச்சுத் திணறும் என்கிறார். நான் எழுதியதில் கொஞ்சம் கீழே இருக்கிறது. அண்ணி, குறிகளையும் பெயர் சொல்லிப் பெரியப்பாவின் வலது காதில் படித்துக் காட்டுங்கள்.

“நிறுத்துங்கடா!” முனிரத்தினத்தின் குரல், டிரம்களின் பேரோசையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது!

எப்படி இருக்கிறது?

பதிலை எதிர்பார்த்து,
அம்பிகா


ஆம்பூர்,
4 ஆகஸ்ட் 2024

அம்பிகாவுக்குப் பெரியப்பன். சாப்பிடுகிறேன், நடக்கிறேன். நீ வலியோடு மாடி ஏறாதே.

சௌந்தர்யா ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக உன் எழுத்தைப் படித்தாள்.

“காற்புள்ளி, மாமா.”

“கால் புள்ளியா? அப்ப அரை?”

“அரைப்புள்ளி இருக்குது, முக்காற்புள்ளி இருக்குது. முழுசா நிறுத்தறதுக்கு முற்றுப்புள்ளி.”

“இன்னாம்மா இது, பால்காரன் அளக்கற மாதிரி.”

“நீங்க பேசறப்போ கால் கூட வைக்க முடியாது மாமா. மூச்சு விட்டாத்தானே வைக்கறதுக்கு?”

இதையும் வேண்டுமென்றே எழுதுகிறாள். எழுதட்டும்.

“நிறுத்துங்கடா” வந்ததும் உன் அண்ணி நிஜமாகவே கத்தினாள். பக்கத்து வீட்டு ஷஹீன் பானு கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

“இன்னா அக்கா, சண்டையா?”

“சண்டையில்ல ஷஹீன். ஆச்சரியக்குறி.”

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்பிகா, அந்தக் குறி இரண்டையும் எடுத்துவிடு. யாரும் கத்தவில்லை. குரல் கிழிக்கவும் இல்லை, பாயவும் இல்லை. அன்றைக்கு நீ அங்கே இருந்திருந்தால் இப்படி எழுதமாட்டாய். மற்றபடி நன்றாக இருக்கிறது. அதை மட்டும் எடு.

வீட்டில் எல்லாரையும் விசாரித்தேன் என்று சொல்.
கன்னியப்பன்


திருச்சி,
18 ஆகஸ்ட் 2024

பெரியப்பாவுக்கு அம்பிகா. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அண்ணிக்குத் தொண்டை சரியாகிவிட்டதா?

ஆசிரியரும் நீங்கள் சொன்னதையேதான் சொன்னார். ஆச்சரியக்குறி உப்பு மாதிரி, ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் தட்டை நகர்த்திவிடுவார்களாம். கிழித்தது, பாய்ந்தது, கர்ஜித்தது எதுவும் வேண்டாம், ‘என்றார்’ போதும் என்றார். மேற்கோள் குறிக்குள் இருப்பது ஒருவர் வாயிலிருந்து வெளியே வந்த சொல்லாக மட்டும்தான் இருக்க வேண்டும், மனதில் நினைத்ததையோ நாம் சேர்த்ததையோ அதற்குள் போடக்கூடாது என்றும் சொன்னார். இப்போது இப்படி இருக்கிறது:

“நிறுத்துங்க” என்றார் முனிரத்தினம்.

அமைதியாக, முற்றுப்புள்ளியோடு. அப்பா குரலே இப்படித்தானே, பெரியப்பா? வீட்டில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

அன்போடு,
அம்பிகா


ஆம்பூர்,
26 ஆகஸ்ட் 2024

அம்பிகாவுக்கு. இங்கே எல்லாம் அப்படியே. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது, எழுந்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பத் தோன்றுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றைக்கே எழுதச் சொன்னேன். உன் அண்ணி ஒரு கையில் சோற்றைப் பிசைந்துகொண்டே எழுதுகிறாள்.

அந்த மேற்கோள் குறியையும் எடுத்துவிடு. உங்கள் வாத்தியார் சொன்னது சரி. வாயிலிருந்து வந்ததை மட்டும்தான் அதற்குள் போட வேண்டும் என்றால், அன்றைக்கு யார் வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

டிரம் ஓடுகிற இடத்தில் எவனும் வாயால் பேசமாட்டான். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமான மரப் பீப்பாய், உள்ளே தண்ணீரும் தோலும், அப்படி ஐந்து. பக்கத்தில் நிற்கிறவன் காதில் கத்தினாலும் கேட்காது. என் காது போனதே அதில்தான். அங்கே பேச்சு எல்லாம் கையால்தான். விரலைக் காட்டினால் எத்தனையாவது டிரம் என்று அர்த்தம். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் தண்ணீர் ஜாஸ்தி, கம்மி பண்ணு. இரண்டு மணிக்கட்டையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தால் நிறுத்து.

இதில் ஒரு வழக்கம் உண்டு. மேஸ்திரி ஜான்சன் முதல் நாளே அதைச் சொல்லிவிட்டுத்தான் எவனையும் டிரம் கிட்டே விடுவார். “நிறுத்துன்னு கை சொன்னா நிறுத்து. யார் கைன்னு பாக்காத. மூஞ்சியைத் தேடற நேரத்துல ஒரு ஆள் போய்டுவான்.” ஒருநாள் நாலாம் டிரம் பஞ்சாட்சரம் சோம்பல் முறித்தான். கை தலைக்கு மேலே போனது. மற்ற நாலு டிரம்மும் பட்டென்று நின்றுவிட்டது. ஜான்சன் வந்து பஞ்சாட்சரத்தைத்தான் திட்டினார். நிறுத்தினவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ‘என்றார்’ வேண்டாம். யாரும் என்னவில்லை.

கன்னியப்பன்


திருச்சி,
8 செப்டம்பர் 2024

பெரியப்பா, இத்தனை வருஷத்தில் இதை ஏன் சொல்லவே இல்லை? படித்ததும் எனக்குப் புல்லரித்தது. சாப்பாடு, தூக்கம் ஒழுங்காக இருக்கிறதா? அண்ணி, இவர் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போகிறாரா?

உங்கள் கடிதத்தை வகுப்பில் படித்தேன். கையால் பேசியதை எப்படி எழுதுவது என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. மேற்கோள் போடலாம், அதுவும் பேச்சுதான் என்றார் ஒருவர். சாய்வெழுத்தில் போடலாம் என்றார் இன்னொருவர். குறியே வேண்டாம், கை என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள், படிக்கிறவர் புரிந்துகொள்வார் என்றார் ஆசிரியர். முதலில் ‘டிரம்கள் நிறுத்தப்பட்டன’ என்று எழுதினேன். அதை அடித்துவிட்டார். “செயப்பாட்டு வினை ஆளை மறைக்கிற வினை. அரசாங்கக் கடிதத்துக்கு அது சரி. கதையில் செய்தது யார் என்று சொல்லுங்கள்” என்றார்.

ஆகவே இப்படி: முனிரத்தினத்தின் இரு கைகளும் தலைக்கு மேலே உயர்ந்தன. மணிக்கட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. ஐந்து டிரம்களும் நின்றன.

மூன்றே வாக்கியம். இதற்கு மேல் எடுக்க ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். சரிதானே? ஒரு வரி எழுதுங்கள், போதும்.

அம்பிகா


ஆம்பூர்,
10 நவம்பர் 2024

நாத்தனார் அம்பிகாவுக்கு சௌந்தர்யா எழுதுவது. இது என் சொந்தக் கடிதம். தீபாவளிக்கு நீ அனுப்பிய புடவை பொருத்தமாக இருந்தது. இரண்டு மாதமாகப் பதில் இல்லை என்று கோபித்துக்கொள்ளாதே, குற்றம் என்னுடையது இல்லை.

மாமா மூன்று முறை என்னை உட்கார வைத்தார். “எழுதிக்கோ” என்பார். நான் ‘அம்பிகாவுக்கு’ என்று எழுதுவேன். அவர் எழுந்து போய் வாசலில் நிற்பார். திரும்பி வந்து, “கிழிச்சிடு” என்பார். வேலூருக்குக் கூட்டிப்போய்க் காதைக் காட்டினோம். மிஷின் வைக்கலாம் என்றார்கள். “வாணாம், இப்ப கேக்கறதே ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டார். சோற்றை அளைகிறார். விடிவதற்குள் எழுந்து தெருமுனை வரைக்கும் போகிறார், வருகிறார், மறுபடியும் போகிறார். பேஜாராக இருக்கிறது.

நேற்று நான் சத்தம் போட்டுவிட்டேன். “உங்க பொண்ணு மாதிரி அது. ஒண்ணு எழுதுங்க, இல்ல எழுத மாட்டேன்னு சொல்லுங்க. ரெண்டும் இல்லாம எங்களை ஏன் சாகடிக்கறீங்க?”

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கை உயர்ந்துச்சு. அதுவரைக்கும் சரி. பேரை எடுத்துடச் சொல்லு.”

எனக்கு இதன் அர்த்தம் தெரியாது. உனக்குத் தெரிந்தால் எழுது.

சௌந்தர்யா


திருச்சி,
24 நவம்பர் 2024

அண்ணி, இதை அவர் காதில் நிதானமாகப் படியுங்கள். எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை, விசாரிப்பு இவ்வளவு போதும்.

பெரியப்பா, உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கதையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று படம் போட்டுப் பார்க்க வகுப்பில் சொல்லியிருந்தார்கள். போட்டேன். நீங்கள் இரண்டாம் டிரம். பஞ்சாட்சரம் நாலு. டேனியல் தொட்டியில். அப்பா தராசு ரூமில். நீங்களே சொன்னது. பத்து வயதில் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அந்த ரூமுக்கு நான் போயிருக்கிறேன். ஜன்னல் கிடையாது. அங்கிருந்து டிரம்மும் தெரியாது, தொட்டியும் தெரியாது. தொட்டியே தெரியாதவர் டேனியல் சரிந்ததை எப்படிப் பார்த்தார்? அவர் தலைக்கு மேலே கையைத் தூக்கியிருந்தாலும் உங்கள் ஐந்து பேருக்கு எப்படித் தெரிந்தது?

அப்பா நிறுத்தச் சொல்லவே இல்லை. அதுதானே?

அப்படியென்றால் எதற்காக அவரை அனுப்பினார்கள்? எதற்காக அம்மா விரல் வெடிக்க ஊதுபத்தி உருட்டினாள்? எத்தனை பேரிடம் இதைச் சொல்லி நான் தலையை நிமிர்த்தியிருக்கிறேன்? ஆச்சரியக்குறி, மேற்கோள் குறி, பெயர் என்று ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னீர்களே. இல்லை என்று ஒரே வார்த்தையில் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

யார் கை அது?

அம்பிகா


ஆம்பூர்,
15 டிசம்பர் 2024

அம்பிகாவுக்குப் பெரியப்பன். நீ நன்றாக இருக்க வேண்டும். கோபம் நியாயம்தான். இனி நிற்காமல் சொல்லிவிடுகிறேன். சௌந்தர்யா எங்கே புள்ளி வைக்கிறாளோ வைக்கட்டும்.

அது கம்பெனிக் கை இல்லை. கம்பெனி மதிலை ஒட்டிச் சாக்கு கட்டி டீக்கடை போட்டிருந்த ஒரு அம்மாவின் கை. புருஷன் இல்லாதவள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவாள். யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்கு ஸ்ட்ராங்கு என்று எங்களைக் கையாலேயே கேட்டுக் கேட்டு எங்கள் பாஷை முழுக்க அவளுக்கும் வந்துவிட்டது. அன்றைக்குத் தொட்டிப் பக்கமாக வந்தாள். டேனியல் சரிவதைப் பார்த்தாள். கேனைப் போட்டாள், டீ அத்தனையும் தரையில் ஓடியது. முக்காடு நழுவ, இரண்டு கையையும் தலைக்கு மேலே வைத்தாள். கண்ணாடி வளையல் போட்ட கை. நான் பார்த்தேன், பஞ்சாட்சரம் பார்த்தான், முதல் டிரம் கலீமுல்லா பார்த்தான். யார் என்று தெரிந்துதான் நிறுத்தினோம். வழக்கம் வழக்கம்தான். ஐந்தும் நின்றதும் வந்த நிசப்தத்தில் தொட்டியிலிருந்து டேனியலின் முனகல் கேட்டது.

விசாரணையில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள்.

“நிறுத்தச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லலை சார்.”

“அப்ப காத்தா வந்து நிறுத்துச்சு?”

“சத்தத்துல எதுவும் காதுல விழலை சார்.”

ஐந்து பேரும் இதையேதான் சொன்னோம். சொன்னதில் பொய் இல்லை பார். ஆனால் ஒரு லோடு தோல் போயிருக்கிறது, அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும். சம்பளப் பட்டியலில் இல்லாத ஒரு பொம்பளை உள்ளே வந்து நிறுத்தினாள் என்று தெரிந்தால் கடையைப் பிடுங்குவார்கள், போலீசுக்கும் போவார்கள். பெயர் வராவிட்டால் ஐந்து பேரையும் அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்போது உன் அப்பன் கூப்பிடாமலே உள்ளே வந்தான்.

“நான்தான் சொன்னேன்.”

இந்த வார்த்தைக்கு மேற்கோள் போடு. இது வாயிலிருந்து வந்தது, என் காது நன்றாக இருந்த காலத்தில் கேட்டது. ஜான்சன் மேஸ்திரியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். டிரம் நின்ற நேரத்தில் தராசு ரூமில் முனிரத்தினத்தோடு நின்று எடை போட்டது அவர்தான். உன் அப்பனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து நான் அவன் சட்டையைப் பிடித்தேன். “உனக்கு இன்னாடா தலையெழுத்து?” என்றேன். “அண்ணா, எனக்கு வேற கம்பெனி கிடைக்கும். அதுக்கு வேற செவுரு கிடைக்காது” என்றான். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்தக் கம்பெனியும் கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

உன் அம்மாவிடம் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டான். அமிர்தவள்ளி அவனே நிறுத்தினான் என்றுதான் கடைசிவரை நம்பினாள். நான் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி எனக்குத் தெரியும். அந்த டீக்கடை அம்மா அவனுக்கு யார் என்பதுதான். நான் அவனிடம் கேட்டதும் இல்லை.

வேறு ஒன்றும் மறைக்கவில்லை.
கன்னியப்பன்


திருச்சி,
2 ஜனவரி 2025

பெரியப்பாவுக்கு அம்பிகாவின் வணக்கம். புது வருஷம் உங்களுக்குத் தூக்கத்தைக் கொடுக்கட்டும்.

அம்மா கேட்டிருக்கக்கூடிய கேள்வி என்ன என்று எனக்கும் தெரியும். நானும் கேட்கப்போவதில்லை.

நாலு நாள் எதையும் எழுத முடியவில்லை. அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். கதை இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. அதை மாற்றவில்லை. கையைத் தூக்குவது முனிரத்தினமாகவே இருக்கட்டும். யோசித்துப் பாருங்கள் பெரியப்பா. செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று சொல்லி அப்பா மிச்ச வாழ்க்கை முழுவதையும் கொடுத்துவிட்டார். அவ்வளவு கொடுத்த மனிதருக்கு அந்தக் கையை நான் எழுதிக் கொடுத்தால் என்ன தப்பு? அம்மா நம்பியது அச்சில் இருக்கட்டும். இது புனைவு. காலம் குழம்பாமல், எழுவாய் பயனிலை இசைந்து, பேசுவது யார் என்று தெளிவாக இருந்தால் போதும், நடந்ததோடு ஒத்துப்போக வேண்டியதில்லை என்றுதான் ஆசிரியரும் சொல்கிறார். என் மூன்று வாக்கியத்தை வகுப்பில் எல்லாரும் பாராட்டினார்கள்.

இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். யாருக்கு நஷ்டம்? நீங்கள் ‘சரி’ என்று ஒரு வார்த்தை எழுதினால் நான் நிம்மதியாக அனுப்பிவிடுவேன்.

அம்பிகா


ஆம்பூர்,
9 ஜனவரி 2025

அம்பிகாவுக்குப் பெரியப்பன் கன்னியப்பன். பொங்கல் விசாரிப்பு, உன் முட்டி விசாரிப்பு, மாப்பிள்ளை விசாரிப்பு எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். கடைசியில் அதற்கு இடம் இருக்காது.

உன் கடிதத்தைச் சௌந்தர்யா இரண்டு தடவை படித்தாள். அவளும் உன் கட்சிதான். “சின்ன மாமாவுக்கு இதாவது மிஞ்சட்டுமே மாமா” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ‘சரி’ என்று எழுதச் சொல்லப் போனவன், எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டேன். மறுநாள் விடிந்ததும், “ஒருநாள் லீவு போடு, ஒரு இடத்துக்குப் போய்ட்டு வரலாம்” என்றேன். “எங்க மாமா?” என்றாள். “பஸ் ஏறு, சொல்றேன்” என்றேன்.

ஆலங்காயத்தில் இறங்கி மசூதித் தெருவில் கேட்டுக் கேட்டுப் போனோம். டீக்கடை அம்மாவின் மகள் வீடு. அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டிருந்தாள். பார்வை கொஞ்சம் மங்கல், மற்றபடி திடமாக இருக்கிறாள். என்னைத் தெரியவில்லை. சௌந்தர்யா சொன்ன பிறகு தெரிந்தது. டீ போடச் சொன்னாள். என் தம்பி எப்படிப் போனான் என்று கேட்டாள். ஈரல் கெட்டுப் போனான் என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

அவனுடைய மகள் அந்த நாளைப் பற்றிக் கதை எழுதுகிறாள், புத்தகமாக வரப்போகிறது என்று சௌந்தர்யா சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. சௌந்தர்யாவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“அதுல நான் வர்றனா?”

சௌந்தர்யா என்னைப் பார்த்தாள். நான் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். ஆனால் கேட்டது. அவள் மறுபடியும் கேட்கவில்லை. புறப்படும்போது பேத்தியை அனுப்பி பஸ் ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணி, “நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் மாமா. இன்னிக்கே எழுதிடுங்க” என்றாள்.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். பஞ்சாட்சரம் கொரோனாவில் போனான், முகத்தைக் கூடக் காட்டவில்லை. கலீமுல்லா மகனிடம் பெங்களூர் போனவன் அங்கேயே அடங்கினான். மற்ற இரண்டு டிரம்காரர்களும் அதற்கு முந்தியே போய்விட்டார்கள். ஜான்சன் மேஸ்திரி ஈஸ்டருக்கு முதல் நாள் போனார், நான் போய் மாலை போட்டேன். தொட்டியிலிருந்து தூக்கிய டேனியல் பத்தொன்பது வருஷம் இருந்தான். பேரனைப் பார்த்துவிட்டுப் போனான். உன் அப்பன் கதை உனக்கே தெரியும். என்னைச் சேர்க்காதே, நான் கையைப் பார்த்து நிறுத்தினவன்தான்.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டாய். இருபதாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுதுகிறவள் நீ. உன் அப்பன் வாயால் சொன்னது அவனிடமே இருக்கட்டும். அதை யாரும் அவனிடமிருந்து எடுக்க முடியாது. கை மட்டும் அவனுடையது இல்லை. அந்தக் கைக்கு உடையவள் இன்னும் இருக்கிறாள். நான் இதுவரை அவள் பெயரை உனக்குச் சொல்லவில்லை. சௌந்தர்யா, இதைப் பிழை இல்லாமல் எழுது.

அக்தரி பேகம்.